சாச்சியின் வயிறும் ஒரு பெரிய சத்திரசிகிச்சையும்

எங்கள் சாச்சி வீட்டில் இருந்து தையல் தைப்பவர். கல்லூரிச் சீருடை, அபாயா, பெருநாள் சட்டை என்று ஊரில் பாதிப் பேருடைய அளவுகள் அவருடைய கொப்பியில் இருக்கின்றன. 3 பிள்ளைகளின் தாய். அவர்களில் 2 பேர் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். கடைக்குட்டி பிறந்து 4 வருடங்கள் ஆகியும் சாச்சியின் வயிறு உள்ளே போகவில்லை. கலியாண வீடுகளில், "என்ன, திரும்பவும் விசேஷமா?" என்று கேட்பவர்களுக்குச் சிரித்தபடி ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவார். சாச்சாவும் பகிடியாக ஒன்றிரண்டு சொல்வதுண்டு. அது பகிடி என்று அவர் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சென்ற வருடம் ஒரு நாள் சாச்சி தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றின் விளம்பரம். "டம்மி டக்", 7 நாட்கள், தங்குமிடம் உட்பட ஒரே கட்டணம். பக்கத்தில் முன்பும் பின்பும் எடுத்த 2 படங்கள். "நீ பயோ படிக்கிற புள்ளதானே, இந்த ஃபோமை நிரப்பித் தா மகள். எனக்கு இங்கிலிஷ் ஓடாது" என்றார். நான் நிரப்பினேன். வயது, எடை, உயரம். அடுத்த பெட்டியில், ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. சாச்சியிடம் கேட்டேன். "நான் என்ன நோயாளியா? ஒண்டுமில்லை" என்றார். "இல்லை" என்பதை அழுத்தினேன். குடும்பத்தில் யாருக்காவது குருதி உறைந்த வரலாறு உண்டா என்ற கேள்விக்கு நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அதற்கும் "இல்லை".

இக்கட்டுரையை எழுதச் சொன்னவரே சாச்சிதான். ஊரும், போன நாடும், அந்த வைத்தியசாலையின் பெயரும் வரக்கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை எழுதத் தகுதியுள்ளவர்கள் நம் ஆசிரியர்களிடையே இருக்கிறார்கள். நான் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சத்திரசிகிச்சை என்பது என்ன? வைத்தியத்தில் இதற்கு அப்டொமினோபிளாஸ்டி என்று பெயர். சாச்சி அதைத் தன் தொழிலை வைத்தே விளங்கிக்கொண்டிருந்தார். "தொளதொளவென்று கிடக்கிற சட்டையை இடுப்பில் பிடித்துத் தைக்கிற மாதிரித்தான்" என்பார். அந்த உவமை ஓரளவுக்குச் சரி. ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்க இடுப்பெலும்பு வரைக்கும் அடிவயிற்றில் குறுக்காக வெட்டுவார்கள். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் ஒரு போர்வையைப் போலத் தசையிலிருந்து பிரித்து விலா எலும்பு வரைக்கும் உயர்த்துவார்கள். கர்ப்பகாலத்தில் வயிற்றின் நடுவே விலகிப்போன இரு தசைப்பட்டிகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு போர்வையைக் கீழே இழுத்து, மிஞ்சிய தோலை வெட்டி எறிந்துவிட்டு மூட்டுவார்கள். தொப்புள் மட்டும் தன் காம்போடு பழைய இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் அதற்கென்று புதிதாக ஒரு துளை போட்டு, பொத்தான் ஓட்டை கட்டுவது போலச் சுற்றித் தைப்பார்கள். முழு மயக்கத்தில், பொதுவாக 2 முதல் 5 மணித்தியாலம் வரை செல்லும் வேலை இது.

ஆனால் துணிக்குக் குருதியோட்டம் கிடையாது. வெட்டிய துணி வெட்டியபடியே கிடக்கும். வெட்டிய தோல் உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் சாச்சிக்கும் எனக்கும் விளங்காமல் போனது அந்த வித்தியாசம்தான்.

இது நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹவார்ட் கெலி என்ற பெண்நோயியல் நிபுணர் 1899ஆம் ஆண்டிலேயே தொங்கும் வயிற்றுக் கொழுப்பை வெட்டியகற்றியதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது நடக்கவும் சிரமப்படும் அளவுக்கு வயிறு தொங்கிய நோயாளிக்குச் செய்த உதவி. இன்றும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். மடிப்புக்குள் புண் வந்து ஆறாதவர்கள், தொப்புளில் குடலிறக்கம் உள்ளவர்கள், நிறைய எடை குறைத்த பின் தோல் மட்டும் பை போல மிஞ்சியவர்கள். இவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆகவே இதைச் செய்தவர்கள் எல்லோரும் அழகுக்கு ஆசைப்பட்டவர்கள் என்று வாய் வைப்பது நியாயமில்லை. சாச்சியைப் பற்றியும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் சாச்சியும் சாச்சாவும் போனார்கள். சீட்டுப் பணமும் 2 வளையல்களும் சேர்ந்தே போயின. ஊருக்குச் சொன்னது, "பித்தப்பையில் கல்லாம், காட்டப் போகிறார்கள்" என்று. உண்மை தெரிந்தவர்கள் உம்மா, உம்மம்மா, நான். அங்கே போன பிறகு, "இடுப்பின் இரு பக்கமும் கொழுப்பை உறிஞ்சியும் எடுத்தால் வடிவு இன்னும் எடுப்பாக இருக்கும், கொஞ்சம் காசு கூடும்" என்றார்களாம். அதற்கும் ஒப்புக்கொண்டார்கள். 6ஆம் நாள் விமானத்தில் ஏறினார்கள். விமானத்தில் மூன்றரை மணித்தியாலம், கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் ஊர் வரை வானில் 7 மணித்தியாலம்.

வீட்டு வாசலில் இறங்கிய சாச்சியைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. கூனிப்போய், சாச்சாவின் கையைப் பிடித்து, நிலத்தைப் பார்த்தபடி நடந்து வந்தார். பின்னர்தான் அறிந்தேன், அது எதிர்பார்க்கப்படுவதுதான் என்று. வயிற்றுத் தோல் இறுக்கமாக இருப்பதால் முதல் ஒன்றிரண்டு வாரங்கள் நிமிர்ந்து நடக்க முடியாது. பல வாரங்கள் இறுக்கமான பட்டி அணிய வேண்டும். கிட்டத்தட்ட 6 வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது. 4 வயதுப் பிள்ளையைத் தூக்காமல் 6 வாரங்கள் இருப்பது எப்படி என்று விளம்பரத்தில் எவரும் எழுதுவதில்லை. சுஜூது செய்ய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதார். பார்க்க வந்தவர்கள் கேட்டபோது, "முதுகு பிடிச்சிட்டு" என்றார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணையாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் வயிற்றின் கீழ்ப்பகுதி வீங்கியது. தொட்டால் தண்ணீர் நிரம்பிய பை போல அசைந்தது. உம்மா பயந்துவிட்டார். இதற்கு சீரோமா என்று பெயர். இந்தச் சத்திரசிகிச்சையில் மிக அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். தோலைத் தசையிலிருந்து பிரித்ததால் இடையில் பெரிய வெற்றிடம் உண்டாகிறது. அறுபட்ட நிணநீர்க் கலன்களிலிருந்தும் சிறு குருதிக் கலன்களிலிருந்தும் கசியும் திரவம் அங்கே தேங்குகிறது. அதை வெளியேற்றத்தான் வயிற்றில் மெல்லிய குழாய்கள் வைத்து, நுனியில் சிறு பாத்திரம் பூட்டி அனுப்புகிறார்கள். ஒரு நாளில் வரும் அளவு நன்றாகக் குறைந்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு வாரமும் செல்லலாம், 2 வாரமும் செல்லலாம். சாச்சிக்கு விமான நாள் வந்துவிட்டதால் குழாயைக் கழற்றிவிட்டார்கள். காயம் விமானச் சீட்டைப் பார்த்து ஆறுவதில்லை. தேங்கிய திரவத்தைப் பின்னர் 3 தடவை ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் கிருமி தொற்றிச் சீழ்பிடிக்கவும் கூடும். திரவத்துக்குப் பதிலாகக் குருதி தேங்குவதும் உண்டு. அப்போது திரும்பவும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போக நேரலாம்.

3ஆம் நாள் காலை உம்மம்மா தைலப் போத்தலோடு சாச்சியின் கட்டிலில் இருந்தார். சாச்சியின் இடது கெண்டைக்கால் வீங்கி, மற்றக் காலை விடச் சூடாக இருந்தது. "வழியில நரம்பு பிடிச்சிருக்கு. நல்லா உருவி விட்டாச் சரியாகும்" என்றார் உம்மம்மா. கையில் தைலத்தை ஊற்றியும் விட்டார். இதே மாதிரி தனக்கும் ஒரு முறை கால் வீங்கி, வைத்தியசாலையில் மாதக்கணக்கில் குளிசை தந்தார்கள் என்றும் சொன்னார். எங்கள் உம்மா பிறந்த 40க்குள் நடந்ததாம். குடும்பத்தில் குருதி உறைந்த வரலாறு உண்டா என்ற கேள்விக்கான பதில் அத்தனை வருடங்களாக எங்கள் வீட்டுக் கட்டிலில்தான் இருந்திருக்கிறது.

எனக்கு ஏதோ பிசகு என்று பட்டது. என் ஒன்றுவிட்ட ராத்தாவுக்கு அழைப்பு எடுத்தேன். இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது ஒரு போதனா வைத்தியசாலையில் வைத்தியராக இருக்கிறார். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் முதலில் சொன்ன வசனம்: "உம்மம்மாட கையை எடுக்கச் சொல்லு. காலை ஒருத்தரும் உருவக்கூடாது. இப்பவே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்க."

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சத்திரசிகிச்சையில் உயிரைக் குடிக்கக்கூடிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

குருதி நாளங்களுக்குள் உறைவதற்கு 3 காரணங்கள் உண்டு. ஜெர்மனிய மருத்துவர் ருடொல்ப் விர்ச்சோவின் பெயரால் அவற்றை இன்றும் வைத்திய மாணவர்கள் படிக்கிறார்கள். ஒன்று, குருதி மெதுவாக ஓடுதல். இரண்டு, குருதிக் கலனின் சுவர் காயப்படுதல். மூன்று, குருதியே இலகுவில் உறையும் தன்மை பெறுதல். கால்களில் இருந்து குருதி மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது ஒரு பம்பி போல வேலை செய்கிறது. மணிக்கணக்கில் மயக்கத்தில் கிடக்கும்போது அந்தப் பம்பி நின்றுவிடுகிறது. பிறகு நோவுக்குப் பயந்து படுத்தே கிடக்கிறோம். தசையை இழுத்துத் தைத்ததாலும் மேலே இறுக்கமான பட்டி கட்டியதாலும் வயிற்றுக்குள் அமுக்கம் கூடுகிறது. காலிலிருந்து வரும் நாளங்கள் அதில் நெரிபடுகின்றன. இடுப்பை மடித்து இருப்பது இன்னும் கூட்டுகிறது. இவற்றோடு விமானத்திலும் வானிலும் பத்தரை மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் என்ன ஆகும்? பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் 7 முதல் 10 நாட்கள் வரை விமானம் ஏற வேண்டாம் என்று ஆலோசனை சொல்கிறது. சாச்சி வாங்கிய ஏற்பாடோ போவதும் வெட்டுவதும் வருவதும் எல்லாமாக 7 நாட்கள்.

மூன்றாவது காரணமும் சாச்சியிடம் இருந்தது. குருதி இலகுவில் உறையும் தன்மை குடும்ப வழியாகவும் வரக்கூடும். இன்னொன்றும் இருந்தது. சாச்சி கருத்தடைக் குளிசை பாவித்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசைகள் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டும். அதனால் பெரிய சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்துவது பற்றி வைத்தியர் யோசிப்பார். சாச்சியின் கணக்கில் அது மருந்தே இல்லை. நோய்க்குக் குடிப்பதுதானே மருந்து? அதை அவர் என்னிடம் சொல்ல வெட்கப்பட்டதும் இயல்புதான். நான் அழுத்திய "இல்லை" அப்படி வந்தது.

காலில் உறைந்த குருதிக் கட்டி அங்கேயே இருந்தால் வீக்கமும் வலியும்தான். அது பிய்ந்து புறப்பட்டால் கீழ்ப்பெருநாளம் வழியாக வலது சோணையறைக்கும், அங்கிருந்து வலது இதயவறைக்கும், பிறகு நுரையீரல் நாடிக்கும் போய் அங்கே அடைத்துக்கொள்ளும். நாம் பரீட்சைக்குப் பாடமாக்கும் அதே பாதைதான். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, சில வேளைகளில் சில நிமிடங்களில் மரணம். வீங்கிய கெண்டைக்காலை உருவுவது அந்தக் கட்டியைத் தள்ளிவிடக்கூடும். நல்ல மனதோடு செய்கிற கைவைத்தியம் எமனாகிவிடும். இதை வாசிக்கும் பெற்றோர் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை. சத்திரசிகிச்சைக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலம் தேய்க்க வேண்டாம்.

அன்று எங்களைக் கொண்டுபோனது சாச்சாவின் தங்கை வீட்டு வாகனம். அதனால் அந்த மாமியும் கூடவே வந்தார். வெளிநோயாளர் பிரிவில் இளம் வைத்தியர் ஒருவர் காலைப் பார்த்துவிட்டு, "கிட்டடியில ஏதாவது ஒப்பரேஷன் செய்தீங்களா?" என்று கேட்டார். சாச்சி மாமியைப் பார்த்தார். "இல்ல டொக்டர்" என்றார். ஒரு நிமிடம் எனக்கும் வாய் வரவில்லை. பெரியவர்கள் மறைப்பதைச் சின்னவள் உடைப்பதா என்ற யோசனை. பிறகு, "இருக்கு டொக்டர். 9 நாளைக்கு முதல் வயித்துல செய்தது. குளிசையும் பாவிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். சாச்சி கண்களை மூடிக்கொண்டார். வைத்தியர் அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் தாதியைக் கூப்பிட்டுத் தள்ளு கட்டில் கொண்டுவரச் சொன்னார். டொப்ளர் ஸ்கேனில் தொடை வரைக்கும் உறைந்திருந்தது தெரிந்தது.

குருதி உறையாமல் தடுக்கும் ஊசியை வழமையாக வயிற்றுத் தோலில் போடுவார்களாம். சாச்சியின் வயிற்றில் இடமில்லாததால் தொடையில் போட்டார்கள். வெளிநாட்டு வைத்தியசாலை தந்த காகிதங்களைக் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பற்றுச்சீட்டு மட்டும். எந்த மயக்கமருந்து, எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள், எத்தனை மணித்தியாலம் சென்றது, எதுவும் அதில் இல்லை. அங்கிருந்த வைத்தியர்களும் தாதிமாரும் யாரோ செய்த வேலையின் மிச்சத்தை ஒரு சதம் வாங்காமல் சரிசெய்தார்கள்.

ராத்தா பின்னர் ஒரு ஆய்வைப் பற்றி எனக்குச் சொன்னார். அமெரிக்காவில் தகுதிபெற்ற நிபுணர்கள் செய்த 25,000இற்கும் மேற்பட்ட இத்தகைய சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்தது. 30 நாட்களுக்குள் வைத்தியசாலைக்கோ சத்திரசிகிச்சைக் கூடத்துக்கோ திரும்ப வைத்த பெரிய சிக்கல்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். 100 பேரில் 4 பேருக்கு வந்திருக்கிறது. மற்ற அழகுச் சத்திரசிகிச்சைகளில் அது 1.4. வயிற்றை மட்டும் செய்தவர்களில் 3.1 ஆக இருந்தது, கொழுப்பு உறிஞ்சுதலையும் உடம்பின் வேறொரு பகுதித் திருத்தத்தையும் சேர்த்துச் செய்தவர்களில் 10.4 ஆகியிருக்கிறது. "வந்தது வந்தோம், அதையும் செய்துவிடுவோம்" என்பது துணிக்கடையில் சரி, இங்கே ஒவ்வொரு சேர்க்கையும் மயக்கத்தில் கிடக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. உடல் பருமன் கூடியவர்களுக்கும் 55 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஆபத்துக் கூடுதல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

100இல் 96 பேருக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று சாச்சா கேட்டார். நியாயமான கேள்வி. நடக்காத 96இல் நாம் இருக்கிறோமா என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கத்தான் கேள்விகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குத்தான் நாங்கள் பொய்ப் பதில் கொடுத்தோம்.

பணமும் பதவியும் இருந்தால் ஆபத்து இல்லை என்பதும் பிழை. நைஜீரிய ஜனாதிபதி ஒலுசேகுன் ஒபசாஞ்சோவின் மனைவி ஸ்டெல்லா ஒபசாஞ்சோ 2005 ஒக்டோபரில் ஸ்பெயினின் மார்பேயா நகரில் இத்தகைய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் காலமானார். கொழுப்பை உறிஞ்சும் குழாய் தவறி வயிற்றறைக்குள் நுழைந்து பெருங்குடலைத் துளைத்து ஈரலையும் காயப்படுத்தியிருந்தது. 2009இல் நீதிமன்றம் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்டின் தாயார், ஆங்கிலப் பேராசிரியை டொண்டா வெஸ்ட், 2007 நவம்பரில் அழகுச் சத்திரசிகிச்சைகள் செய்துகொண்ட மறுநாள் 58ஆவது வயதில் இறந்தார். அவருக்கு இதயத் தமனிகளில் நோய் இருந்தது இறந்த பிறகான பரிசோதனையில் தெரியவந்தது. அதன் பின் கலிபோர்னியா மாநிலத்தில் அவர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. அழகுச் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியை நேரில் உடற்பரிசோதனை செய்து பதிவு செய்ய வேண்டும் என்பதே அது. சாச்சியை ஒரு படிவம்தான் பரிசோதித்தது.

உயிராபத்து இல்லாத, ஆனால் வாழ்நாள் முழுவதும் கூட வரும் விஷயங்களும் இருக்கின்றன. இழுத்த தோலின் நுனிக்கு, அதாவது அடிவயிற்றின் நடுப்பகுதிக்கு, குருதி வந்து சேர்வது கடினம். வராவிட்டால் அந்த இடம் கறுத்துச் செத்துப்போகும். தொப்புளே அழுகிப் போனவர்களும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கும், பித்தப்பைக்காக விலாவின் கீழ் முன்பே வெட்டியவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இது கூடுதல். நிக்கொட்டீன் சிறு குருதிக் கலன்களைச் சுருக்குவதால் பல வாரங்களுக்கு முன்பே புகையை விடச் சொல்கிறார்கள். "எங்கட பெண்கள் புகைப்பதில்லையே" என்று நாம் நிம்மதி அடையலாம். ஆனால் வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் இருப்பது அதே நிக்கொட்டீன்தான். அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சாச்சிக்குத் தொப்புளுக்குக் கீழே இன்னும் உணர்ச்சி இல்லை. தோலைப் பிரிக்கும்போது சிறு நரம்புகள் அறுபடுவதால் வருவது. சிலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. ஒரு நாள் சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கிப்போய், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதையே அறிந்தார். தழும்பும் எல்லோருக்கும் மெல்லிய கோடாக அமையாது. நம்மைப் போன்ற கருமையான தோல் உள்ளவர்களிடம் தழும்பு தடித்து மேலெழும் வாய்ப்புக் கூடுதல். பழைய காயத் தழும்பு உங்கள் உடம்பில் எப்படி ஆறியிருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு விளங்கும்.

சிலர் இதை எடை குறைக்கும் வழி என்று நினைக்கிறார்கள். அது தவறு. எடை ஒரு நிலைக்கு வந்தபின் செய்வது இது. இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல. அடுத்த கர்ப்பத்தில் தைத்த தசை மீண்டும் விலகலாம். பிள்ளை பெற்றபின் விலகும் தசை பலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே ஓரளவு கூடிவரும். இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளும் உதவும். தளர்ந்த தோலைப் பயிற்சி இறுக்காது என்பதும் உண்மைதான். எங்கள் உம்மம்மா 40 நாள் துணியால் வயிறு கட்டிவிட்டதைப் பெருமையாகச் சொல்வார். அது இடுப்புக்கு ஆறுதல் தந்திருக்கலாம். அதற்குமேல் நான் அவரோடு வாதாடுவதில்லை.

அப்படியும் ஒருவர் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை நேரில் காண்பதுதான் தொடக்கம் என்கிறார் ராத்தா. இதுவரை நடந்த சத்திரசிகிச்சைகள், கருச்சிதைவுகள், குளிசைகள், வெற்றிலை, உம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் வந்த நோய்கள், எல்லாவற்றையும் அவரிடம் கொட்ட வேண்டும். குருதி உறையாமலிருக்க என்ன செய்வீர்கள், சிக்கல் வந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது, எத்தனை நாள் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம். இன்னொன்றையும் ராத்தா சொன்னார். வீட்டில் குறைந்தது ஒருவருக்காவது முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வைத்தியர் முன்னால் பேசக் கூச்சப்படாதவராகவும் இருக்க வேண்டும்.

சாச்சி 3 மாதங்கள் வாஃபரின் குளிசை குடித்தார். குருதி எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க அடிக்கடி கிளினிக்குக்குப் போனார். கீரையை ஒரு நாள் நிறையவும் ஒரு நாள் இல்லாமலும் சாப்பிடாமல், ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். வயிற்றமைப்பு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் எழுது என்று அவரே சொன்னார். மாமி விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டார். 2 வாரம் கதைத்துவிட்டு ஊர் வேறு கதைக்குப் போய்விட்டது.

இதை எழுதி முடித்ததும் சாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். தையல் மெஷினில் இருந்தபடியே முழுவதையும் கேட்டார். படிவத்தில் "இல்லை" என்று அழுத்திய இடம் வந்தபோது, "அது நான் சொன்னது, உன்ட பிழை இல்லை. அதையும் போடு" என்றார். பிறகு, தழும்பு எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து, தன் அளவுக் கொப்பியைத் திறந்து, மற்றவர்களின் அளவுகளுக்கு நடுவே தன் பெயரைப் போட்டு எழுதினார்: 17 அங்குலம்.